அடுக்களைக்கு ஒரு ரவுண்டு

சாரல் விழுவதற்குள் மனைவி நிர்மலாதேவியை அடுக்களையில் நிலையாக நிறுத்திவிட வேண்டும் என்று தளவாய் சபதம் போட்டார். சும்மா போட்டதில்லை, குலசாமி மேல் போட்டது. தாத்தா பட்டாளம், அப்பா போலீஸ், இவர் குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறார். நடத்துகிறார் என்றால், ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பார் என்று அர்த்தம். சீசனுக்கு வருகிற கூட்டம் அருவியில் நனைந்து பசியோடு திரும்பும். நிர்மலா வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த வருஷமும் இங்கேதான் என்று சொல்லிவிட்டுப் போகும். அந்தப் பாராட்டைத் தளவாய் வாங்கிக்கொள்வார். அப்படிப்பட்ட அடுக்களைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

ஆபத்து தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் இருந்தது. ஜெஸி என்ற சுரண்டைக்காரப் பெண், மாநில அளவில் குத்துச்சண்டை ஆடியவள், அங்கே பெண்களுக்கு வகுப்பு நடத்தினாள். யாரையும் அடிப்பதற்கு இல்லையாம். வாழ்க்கையில் தனக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்கிறதுக்காம். நிர்மலா அதில் சேர்ந்துவிட்டாள்.

"குத்துனா எப்படிட்டி தெரியும்? அவ என்ன ஜோசியமா பாக்கா?"

"சும்மா இருக்கையில கேட்டா ஊருக்குப் பொருந்துற பதிலத்தான் சொல்லுவோம். மூச்சு முட்டக் குத்திட்டு நிக்கையில கேட்டா, உள்ள கெடக்குறதுதான் முதல்ல வாயில வரும்னு ஜெஸி மேடம் சொல்லுதாங்க."

"உனக்கு வந்துச்சா?"

"வந்துச்சு."

"என்னது வந்துச்சு?"

"வார ஞாயித்துக்கிழமை கடைசி வகுப்பு. வீட்டாளுக முன்னாலதான் சொல்லணுமாம். சொன்னத நடத்திக் குடுக்கோம்னு வீட்டாளு கையடிச்சு சத்தியம் பண்ணணும். நீங்களும் வாரிய."

தளவாய்க்குத் திக்கென்றது. கொச்சியில் ஹோட்டல் வேலை என்பாளோ, போலீஸ் பரீட்சை என்பாளோ, யார் கண்டது? கையடித்துவிட்டால் பிறகு பேச்சு மாற முடியாது. பக்கத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை போட்டிருக்கும் கிதிர் முகம்மதிடம் சபதத்தையும் சங்கடத்தையும் சேர்த்துக் கொட்டினார்.

"இதுக்கா கவலப்படுதிய அண்ணாச்சி? மூச்சு வாங்கையில உள்ள கெடக்குறதா வரும்? பழகுனதுதான் வரும். சின்னப் புள்ளைக்கு வாய்ப்பாடு எப்படி வருது? திரும்பத் திரும்பச் சொல்லி வருது."

தளவாய்க்கு வழி கிடைத்துவிட்டது. குத்து வாங்குவதற்குக் கையில் மாட்டுகிற மெத்தை ஒன்று உண்டு, பேட் என்பார்கள். அதில் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு காலையில் லாட்ஜ் மொட்டைமாடிக்கு ஏறினார்.

"நீ குத்து, நான் பிடிக்கேன். ஒவ்வொரு குத்துக்கும் நான் ஒரு வார்த்த சொல்லுவேன். நீயும் கூடவே சொல்லணும்."

"என்ன வார்த்த?"

"அடுக்களை."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு நிர்மலா கையுறையை மாட்டினாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷனுக்கு அந்தப் பதிலைக் கேட்டதுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

முதல் குத்து விழுந்தது. தளவாய் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்த்தான் நின்றார். ஐந்தருவியில் நின்று அடி வாங்கிப் பழகிய தோள் அவருடையது. அருவி அடித்தால் எங்கே அடிக்கிறது என்றாவது தெரியும். இது அதுகூடத் தெரியவில்லை.

"சொல்லுங்க."

"அடு... அடுக்களை."

"காதுல விழல. சத்தமா."

"அடுக்களை!"

"ஆங், அப்படி. நிறுத்தாம சொல்லுங்க."

அவர் கத்தினார். அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். தினமும் இதே கூத்துதான். நடுவில் ஒருநாள் கீழேயிருந்து கிதிர் முகம்மது கேட்டார்: "என்ன அண்ணாச்சி, விடிஞ்சா அடுக்களை அடுக்களைன்னு கூப்பாடு? உப்புமா தீஞ்சு போச்சா?"

கை வலித்தது. ஆனாலும் ஒரு உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், தளவாய் அசந்துபோயிருந்தார். அவள் காலை ஊன்றுகிற நேர்த்தி என்ன, கண் சிமிட்டாமல் பார்க்கிற பார்வை என்ன! இப்படி ஒரு ஆளோடா இத்தனை நாள் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம் என்று பிரமிப்பாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அதற்கு மேல் பெருமையாக இருந்தது, அதை மட்டும் அவர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்து மாடி நிறைந்திருந்தது. வாசுதேவநல்லூரிலிருந்து வந்த ஆனந்தவள்ளி மூச்சிரைக்கக் குத்திவிட்டு, "வக்கீலுக்குப் படிக்கணும்" என்றாள். அவள் மாமியார் எழுந்து போய்க் கையடித்துக் கொடுத்தாள். அடுத்து நிர்மலா. தளவாய் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மேடம், தெனமும் எனக்குப் பேட் பிடிச்சவரு இவரு. முதல்ல இவரு ஒரு ரவுண்டு குத்தட்டுமே" என்றாள் நிர்மலா. "பட்டாளத்து வம்சம்லா, மாட்டேன்னு சொல்ல மாட்டாரு."

எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டிய பிறகு வம்சம் எப்படி மாட்டேன் என்று சொல்லும்? தளவாய் கையுறை மாட்டினார். நிர்மலா பேட் பிடித்தாள். கொஞ்சநேரம் தாத்தாவை நினைத்துக் குத்தினார். பிறகு அப்பாவை நினைத்துக் குத்தினார். அதற்கப்புறம் நினைப்பே ஓடவில்லை. கண் இருட்டியது, நாக்கு வெளியே தள்ளியது.

ஜெஸி காதருகே வந்து கேட்டாள். "அண்ணாச்சி, உங்களுக்கு என்ன வேணும்? யோசிக்காம சொல்லுங்க."

"அடுக்களை!"

ஆனந்தவள்ளியின் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்ல... நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"கூச்சப்படாதிய அண்ணாச்சி. இத்தன வருஷத்துல ஒரு ஆம்பள கூட இவ்வளவு தெளிவா சொல்லி நான் கேட்டதில்ல" என்றாள் ஜெஸி.

"நடத்திக் குடுக்கேன்" என்று நிர்மலா அவர் கையில் ஓங்கி அடித்தாள்.

பிறகு அவள் முறை. தளவாய் பேட் பிடித்தார். அவள் குத்திய குத்தில் மேலே ஃபேன் நின்றுபோனதாக அவருக்குத் தோன்றியது. கடைசிக் குத்தைப் பார்த்தபோது சபதம், குலசாமி எல்லாமே மறந்துபோய் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"என்ன வேணும் நிர்மலா?"

"ரிசப்ஷன் மேஜை. லாட்ஜை நான் நடத்தணும்." அவளுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

தளவாயின் கை தானாகவே நீண்டு போய் அடித்துக் கொடுத்தது. கொடுத்த பிறகுதான் கொடுத்ததே அவருக்குத் தெரிந்தது.

சாரல் விழுந்தது. லாட்ஜ் நிரம்பி வழிந்தது. ஃபேனுக்கு நேர் கீழே நிர்மலா உட்கார்ந்திருந்தாள்.

"மீன்குழம்பு பிரமாதம்மா. யாரு வச்சது?" என்று கேட்டார் புளியங்குடியிலிருந்து வந்த எலுமிச்சை வியாபாரி ஒருவர்.

"எங்க வீட்டுக்காரருதான். ரொம்ப நாளா மனசுக்குள்ளயே வச்சிருந்திருக்காரு, இப்பத்தான் வாயத் தொறந்து சொன்னாரு" என்று சொல்லிப் பாராட்டை நிர்மலா வாங்கிக்கொண்டாள்.

பின்வாசல் வழியாகக் கிதிர் முகம்மது எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அந்தச் சபதம் என்னாச்சு?"

தளவாய் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"நிறைவேறிட்டு. சாரலுக்கு முந்தியே ஆளு அடுக்களைக்கு வந்தாச்சு."