ஏரிக்கரைக் கைமணி

எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு நாட்டில், அரண்மனையைவிட உயரத்தில் ஒரு பேரேரி இருந்தது. அதன் கரையைக் காத்தவர்களில் பாதிப் பேரை, சிக்கனம் என்று சொல்லி, அரசர் வீட்டுக்கு அனுப்பினார். மிச்சமிருந்தவர்கள் தூக்கமில்லாமல் காத்தார்கள். ஒருவர் தண்ணீரோடு பேச ஆரம்பித்தார். இன்னொருவர் பேச்சையே விட்டுவிட்டார்.

"கூட ஆள் போடுங்க சாமி" என்று கேட்டாள் காவல்காரி சடச்சி.

"அது பழைய முறை," என்றார் நலத்துறை அமைச்சர். "உங்கள் மனத்தை இனி அரசே கண்காணிக்கும்."

ஆளுக்கொரு கைமணி வந்தது. மனம் சரியில்லாதவர் அதை ஆட்ட வேண்டும். உடனே அதிகாரி ஓடிவந்து, மூச்சை ஆழமாக இழுத்து விடச் சொல்வார். செலவில்லாத வைத்தியம். அடுத்து ஓர் ஆணை: மணி ஆட்டியவரின் காவலையும் பக்கத்து ஆளே சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கும் மேல் இன்னொன்று: மணி ஆட்டியவர் மனம் கலங்கியவர், ஆகவே அவர் சொல்லை யாரும் நம்பக் கூடாது.

எல்லோரும் மணியின் நாக்கை நூலால் கட்டிவிட்டார்கள். சடச்சி இன்னும் இறுக்கிக் கட்டினாள். மணிச் சத்தம் நின்றதும், நாடே நிம்மதியாக இருக்கிறது என்று அரசர் விழா எடுத்தார். அமைச்சர் அவருக்கு ஒரு பொன் கைமணி பரிசளித்தார்.

விழா நாளில் மதகுக்குப் பக்கத்தில் கரை கசிந்தது. அதற்கு நேர் கீழேதான் சடச்சியின் மகள் கைக்குழந்தையோடு குடியிருந்தாள். சடச்சி நூலைப் பல்லால் கடித்து அறுத்து, மணியை ஆட்டிக்கொண்டே ஓடினாள்.

"கரை உடையப்போகுது! எல்லாரும் மேட்டுக்கு ஏறுங்க!"

அமைச்சர் வழிமறித்தார். "பதற்றம் வேண்டாம் அம்மா. மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள்."

"மூச்சு இருக்கும்போதே சொல்றேன் சாமி, வழிய விடுங்க!"

மற்ற காவலர்களும் கசிவைப் பார்த்துவிட்டார்கள். ஒவ்வொருவராக நூலை அறுத்தார்கள். கரை முழுக்க மணி அடித்ததும் ஊரே சட்டத்தை மறந்து மேட்டுக்கு ஓடியது. மகளும் குழந்தையும் வந்து சேர்ந்த பிறகுதான் சடச்சிக்கு அழுகை வந்தது.

அரண்மனை மட்டும் சட்டப்படி நடந்தது. இந்தக் கலக்கம் உள்ளேயும் தொற்றிவிடக் கூடாது என்று அமைச்சர் ஓடிப்போய்க் கதவுகளை அடைக்கச் சொன்னார்.

கரை உடைந்தது. சிங்காசனத்தின் மேல் ஏறி நின்ற அரசரின் இடுப்புவரை தண்ணீர் வந்தது. அவர் பொன்மணியை வெறிகொண்டு ஆட்டினார்.

"கதவைத் திறங்கள்! தண்ணீர்! தண்ணீர்!"

சட்டப்படி, வாசல் காவலர் யாரும் அசையவில்லை. கழுத்தளவு நீரில் நின்ற அமைச்சர் பணிவோடு கைகூப்பினார்.

"அரசே, மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள்."