நூறு வருஷத்து மைதானம், நேற்று அடித்த பெயின்ட்

"ஏளா செல்வி, நாளைக்குக் காலையில நமக்கு ஒரு பேஸ்பால் ஸ்டேடியம் வேணும். பழசா இருக்கணும்."

டீ வாங்கிவரச் சொல்வதுபோலத்தான் சொன்னார் செந்தில்வேல் அண்ணாச்சி. இசக்கிசெல்விக்கு உள்ளங்காலில் பிடித்த எரிச்சல் உச்சந்தலையில் போய் நின்றது.

அண்ணாச்சிக்கு நிலாவரை இலை ஏற்றுமதி. விளாத்திகுளம் பக்கம் விளைகிற அந்த இலை, அமெரிக்காவில் மலச்சிக்கலுக்கு டீயாகிறது. மொத்தமாக வாங்குகிற வால்டர், போன மாதம் தன் தோட்டத்தில் நின்றபடி வீடியோ காலில் பேசினார். தலையில் பேஸ்பால் தொப்பி. அதைப் பார்த்ததும் அண்ணாச்சியின் நாக்கில் சனி சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

"எங்க தூத்துக்குடியிலயும் நூறு வருஷத்து ஸ்டேடியம் இருக்கு. எனக்கு அந்த ஆட்டம்னா உசிரு!"

"அவசியம் பார்க்க வேண்டும்" என்றார் வால்டர். இப்போது வருகிறார்.

"பொய் சொன்னது நீங்க. ஸ்டேடியம் கட்டுறது நானா?"

"டிகிரி படிச்சவ நீதான தாயி? இந்த ஆர்டர் போச்சுன்னா உனக்கும் வேலை போச்சு."

முத்தையாபுரத்தில், உப்பளத்தில் நின்றே கால் வெந்துபோன அவள் அப்பா, "எம்மவ ஆபீஸ்ல இருக்கா" என்று பஸ் கண்டக்டர் வரை சொல்லிவைத்திருந்தார். அந்தக் குடும்பத்திலேயே முதல் பட்டம் அவளுடையது. அது இதற்குத்தான் பயன்படும் என்று கல்லூரியில் ஒருவரும் சொல்லவில்லை.

ஊருக்கு வெளியே, முன்பு உப்பு மூட்டை அடுக்கிவைத்த கிட்டங்கி ஒன்று இடிந்து கிடந்தது. மதில் மட்டும் மிச்சம். அதில் 'பேஸ்பால் ஸ்டேடியம் 1911' என்று எழுதவைத்தாள். பெயின்ட் கல்யாணப் பெண்ணாட்டம் மினுங்கியது. அதைப் பழசாக்க, நிலாவரை இலையைக் காய்ச்சி மதிலெல்லாம் ஊற்றினார்கள். நிறம் அருமையாக மங்கியது. ஆனால் உப்பூறிய மதிலை நக்க வந்த ஆடுகள், கஷாயத்தையும் சேர்த்து நக்கின.

விடிந்தபோது மைதானம் கிடந்த கிடையைச் சொல்ல வேண்டியதில்லை. அதை மூட உப்பை அள்ளிக் கொட்டினாள். மைதானம் இமயமலை ஆனது.

ஆடுவதற்குச் சித்தப்பா மகன் சுடலைக்கண்ணனின் கிரிக்கெட் டீம் வந்தது.

"மட்டை உருண்டையா வேணுமாமே, எங்கன போய்த் தேட?"

"சித்திகிட்ட உலக்கை கெடக்குல்லா?"

"அத வச்சுத்தான எங்கய்யாவ அடக்கி வச்சிருக்கா!"

"இன்னைக்கு ஒருநா அவரு சுதந்திரமா இருக்கட்டும். எடுத்துட்டு வாலே!"

கையுறைக்கு வெல்டிங் பட்டறை. ரசிகர்களுக்கு? பிரியாணி என்றதும் இரண்டு வேன் நிறைய ஆள் இறங்கிற்று. எல்லாம் பழக்கப்பட்ட ஆட்கள். அங்கேதான் வினை. டிரைவர் இஞ்ஞாசி ஓட்டிவந்த காரிலிருந்து வால்டர் கால் வைத்ததும் கிளம்பியது கோஷம்.

"வால்டர் அண்ணன் வாழ்க! வருங்கால எம்.எல்.ஏ. வாழ்க!"

ஆளுயர மாலை விழுந்தது. ஒருத்தி ஆரத்தி எடுத்துவிட்டுத் தட்டை நீட்டியபடியே நின்றாள். ஒருவர் வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு கொடுத்தார்.

"இப்படி ஒரு ஸ்டேடியத்தை உலகத்தில் எங்கும் பார்த்ததில்லை" என்றார் வால்டர். அதில் பொய்யில்லை.

"நீங்க ஒரு அடி அடிக்கணும்!" அண்ணாச்சிக்கு ஆவேசம் வந்துவிட்டது.

வால்டர் உலக்கையை வாங்கினார். மேலும் கீழும் பார்த்தார். நட்டுக்குத்தலாகப் பிடித்துத் தரையில் இரண்டு குத்து குத்தினார்.

"பாரேன், வெள்ளைக்காரரு என்னா வாகாப் புடிக்காரு!" என்று மெச்சினாள் ஆரத்திக்காரி.

சுடலைக்கண்ணன் பந்தை வீசினான். வால்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டு சுழற்றினார். பந்து அவரைத் தாண்டிப் போனது. உலக்கை கையைவிட்டுப் போனது. போய் மதிலில் மோதியதில், 1911 பொலபொலவென்று உதிர்ந்து விழுந்தது.

'அப்பாகிட்ட என்னத்தச் சொல்ல?' என்று உதிர்ந்த 1911-ஐப் பொறுக்கக் குனிந்தாள் இசக்கிசெல்வி.

வால்டரின் முகம் கீழே கிடந்த உப்பைவிட வெளுத்திருந்தது. ஓடிவந்து அண்ணாச்சியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மன்னித்துவிடுங்கள். உங்கள் சரித்திரத்தையே உடைத்துவிட்டேன். இந்த வருஷத்து இலை மொத்தமும் எனக்கே வேண்டும். நீங்கள் சொல்வதே விலை."

கார் பானட்டிலேயே கையெழுத்தாயிற்று. வால்டர் பிரியாணிக்குப் போனதும் அண்ணாச்சி துள்ளினார்.

"உன் வேலைக்கு இனி பயமில்ல தாயி! பாத்தியா, ஒரு செவுத்துக்குக் கண்ணு கலங்குதாரு. ரசிகன்னா இவருல்லா ரசிகன்!"

கப்பலில் பல வருஷம் ஓடி இங்கிலீஷ் பழகிய இஞ்ஞாசி, கார்க் கண்ணாடியைத் துடைத்தபடி திரும்பினார்.

"என்னத்த ரசிகன் அண்ணாச்சி? அன்னைக்கு வீடியோவுல, வெயிலுக்கு எம்மருமவன் தொப்பிய மாட்டுனது வம்பாப்போச்சு, ஒங்க மொதலாளிக்கு இந்த ஆட்டம்னா உசிராம், எனக்கு ஆடத் தெரியாதுன்னா இலை தரமாட்டாருன்னு பொலம்பிக்கிட்டு, ஏர்போர்ட்ல இருந்து வார வழி பூரா 'பேஸ்பால் ஆடுறது எப்படி'ன்னுல்லா அந்த மனுசன் போன்ல படம் பாத்துட்டு வந்தாரு!"