மாப்பிள்ளை போட்ட லினக்ஸை நான் எடுத்த விவரம்

சாரம், புதுச்சேரி
14 அக்டோபர் 2007

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை விஜயராகவன் அவர்களுக்கு, மாமனார் கிருஷ்ணசாமி எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தை சந்திரகலாவும் சுகம். பிரான்ஸில் நீங்களும் சிவசங்கரியும் குழந்தையும் குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு சுகமாக இருக்க மணக்குள விநாயகரை வேண்டிக்கொள்கிறேன். எங்கள் கம்ப்யூட்டரும் இப்போது சுகம்தான். அதைப் பற்றி வேறு யாராவது உங்களிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று இதை எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் போட்டுக் கொடுத்தீர்கள். "மாமா, இதுல வைரஸே வராது" என்றீர்கள். உண்மைதான், வரவில்லை. மோடம் அதில் வேலை செய்யாததால் இன்டர்நெட்டும் வரவில்லை. நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் சுவிட்சைப் போட்டதும் லினக்ஸா விண்டோஸா என்று கேட்கும். சட்டென்று பதில் சொல்லாவிட்டால் தானாக லினக்ஸுக்குள் போய்விடும். பேத்தியின் படங்களைப் பார்க்க உங்கள் அத்தை சுவிட்சைப் போட்டுவிட்டுக் குக்கரை இறக்கப் போவாள். வந்து பார்த்தால் லினக்ஸ் நிற்கும். "மறுபடியும் மாப்பிள்ள ரூமுக்குள்ள பூந்துடுச்சிங்க" என்று கூப்பிடுவாள். போதாததற்கு, குழந்தை தவழும் வீடியோவை நீங்கள் சிடியில் அனுப்பினீர்களே, அதைக் காப்பி செய்யப் போனால் இடமில்லை என்றது விண்டோஸ். பாதி டிஸ்க்கில் லினக்ஸ் சும்மா படுத்திருந்தது.

நேற்றுக் காலை எதிர்வீட்டு இராமதாஸ் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், எதற்கும் பயப்படமாட்டார். "தூக்கிடு கிருஷ்ணா. மாப்பிள்ள அங்கேர்ந்து எட்டியா பாக்கப் போறாரு?" என்றார். விண்டோஸ் காட்டிய டிஸ்க்கின் படத்தில் பெயரில்லாமல் இருந்த லினக்ஸ் கட்டத்தின்மேல் மவுஸை வைத்து அழிக்கச் சொன்னேன். நிச்சயமா என்று கேட்டது, ஆமாம் என்றேன், போய்விட்டது. மூன்று பேரும் சந்தோஷமாகக் காபி குடித்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டோம். கறுப்புத் திரையில் 'எர்ரர் 22' என்று ஒரு வரி வந்து நின்றது. லினக்ஸும் இல்லை, விண்டோஸும் இல்லை, பேத்தியும் இல்லை.

இராமதாஸ் "பா கிராவ், பா கிராவ்" என்றார். பரவாயில்லை என்று பிரெஞ்சில் அர்த்தமாம். சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினார். உங்கள் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாப்பிள்ளகிட்டயே படத்தயெல்லாம் திரும்ப அனுப்பச் சொல்லுங்க" என்றாள். "ஏன்னு கேட்டா என்னா சொல்றது? நீங்க போட்டுக் குடுத்தத நான் தூக்கிப் போட்டுட்டன்னா?" என்றேன்.

கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நெல்லித்தோப்புக்கு டெம்போ ஏறினேன். பெரிய மார்க்கெட்டிலிருந்து மீன்கூடையோடு வந்த ஓர் அம்மாள், "புள்ளக்கி ஜொரமா?" என்று கேட்டார். விளக்கத் தெம்பில்லாமல் ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். அவர் டிரைவரை விரட்டி, வழியில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, என்னை இறக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார். அங்கிருந்து நடந்தேன்.

நெல்லித்தோப்பில் பிரௌசிங் சென்டர் நடத்தும் தாஜுதீன், "ஃபார்மட் பண்ணிடலாம் சார், எல்லாம் அழிஞ்சி புதுசாட்டம் ஆயிடும்" என்றார். நான் பெட்டியை மறுபடி போர்வையில் சுற்றினேன். கல்லாவிலிருந்த அவர் மனைவி ஹாஜிரா எழுந்து வந்தார். "இருங்க சார். லினக்ஸ் போயிட்டாலும் அது வச்ச வாட்ச்மேன் வாசல்லயே நிக்கிறான். உள்ள எங்க அனுப்பறதுன்னு தெரியாம முழிக்கிறான். ஆள மாத்துனா போதும்." ஒரு சிடியைப் போட்டு ஏதோ ஒரு வார்த்தை தட்டினார். விண்டோஸ் வந்தது. பேத்தி பொக்கைவாயோடு சிரித்தாள். நான் கடையிலேயே அழுதுவிட்டேன் மாப்பிள்ளை, சொல்வதில் வெட்கமில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் உங்கள் அத்தை கேட்டாள்: "வர்ற பொங்கலுக்கு மாப்பிள்ள வந்து சுவிட்ச போட்டா, லினக்ஸ் எங்கன்னு கேக்க மாட்டாரா?" அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று காலை ஹாஜிராவை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். இதை எழுதும்போது உள்ளே பாதி டிஸ்க்கில் லினக்ஸ் மறுபடி ஏறிக்கொண்டிருக்கிறது. வீடியோவைச் சிடியிலேயே பார்த்துக்கொள்கிறோம். தங்கள் மரியாதைக்கு இந்த வீட்டில் ஒரு குறையும் வராது.

சிவசங்கரிக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசிகள். தாங்கள் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
கிருஷ்ணசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சிவசங்கரி போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. "அப்பா, பொங்கல் முடிஞ்சி இங்க திரும்பி வந்த மாசமே அவரு அவரு கம்ப்யூட்டர்லேர்ந்து லினக்ஸ எடுத்துட்டாரு. நீங்க அத ஆசையா வச்சிருக்கீங்க, சொன்னா வருத்தப்படுவீங்கன்னு வாயத் தொறக்கல" என்றாள். நிறுத்தச் சொல்ல உள்ளே ஓடினேன். வேலை முடிந்திருந்தது. ஹாஜிரா போட்டது புதிய லினக்ஸாம், மோடம் வேலை செய்கிறது. உங்கள் அத்தை அதிலேயே உட்கார்ந்து பேத்தியைப் பார்க்கிறாள், இனி யாரும் இதைத் தொடக்கூடாது என்கிறாள். ஆகவே மேலே எழுதியதைப் படிக்காததாக வைத்துக்கொள்ளவும். பொங்கலுக்கு வாருங்கள். லினக்ஸ் மறந்துபோயிருந்தால் கூச்சப்பட வேண்டாம், நான் சொல்லித் தருகிறேன்.