ஓவிய வகுப்பைத் தூக்கியது யாருங்க?

மைக்செட் அண்ணனுக்குத் தெரியாமல் அரியலூர்ப் பக்கம் ஒரு ஆடுகூடத் தொலைய முடியாது. தொலைந்தாலும், அவர் மொபெட்டில் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கரின் சத்தத்துக்குப் பயந்து தானே திரும்பி வந்துவிடும். திருவிழா, கல்யாணம், கரன்ட் கட் எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் அவர் குரல்தான். கையில் மைக் இல்லாதபோதும் அதே குரல். எங்கள் வாசலில் நின்று, "கொஞ்சம் தண்ணி குடு தங்கச்சி" என்று கேட்டால், அடுத்த தெருவிலிருந்து ஒருவர் சொம்போடு வருவார்.

என் மகள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூட நாள் என்றால் காலையில் அவளுக்கு வயிறு வலிக்கும். வியாழக்கிழமை மட்டும் வலிக்காது. அன்று ஓவிய வகுப்பு. டாக்டர், கஷாயம், திருஷ்டி எல்லாம் முடித்து, ஓவியம்தான் மருந்து என்று நான் கண்டுபிடித்த நேரம் பார்த்து, அந்த வகுப்பை எடுத்துவிட்டுக் கணக்கு போட்டார்கள். வியாழக்கிழமையும் வயிறு வலித்தது.

நானும் அண்ணனும் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர்கள். கேட்டால் பிள்ளையிடம் கோபத்தைக் காட்டுவார்களோ, கேட்காவிட்டால் நான் என்ன அம்மா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன். அண்ணன் குழம்பவில்லை. அவர் மகனும் அதே வகுப்பு. நேராகத் தலைமை ஆசிரியரிடம் போய், "யாரு சார் எடுத்தது?" என்றார்.

"மேலேருந்து வந்ததுங்க. நம்ம கையில ஒண்ணும் இல்ல."

"மேலன்னா எது சார்? மொட்ட மாடியா?"

அன்று மாலை தெருவில் ஸ்பீக்கர் முழங்கியது. "பொதுமக்களுக்கு அன்பான அறிவிப்பு. ஓவிய வகுப்பை எடுத்தது தாம் அல்ல என்று தலைமை ஆசிரியர் அவர்கள் தெரிவித்துள்ளார்கள். அன்னாருக்கு நன்றி. தேடுதல் தொடர்கிறது."

நான் தெருவுக்கு ஓடி மொபெட்டை மறித்தேன். "ஏண்ணே இப்புடி மானத்த வாங்குறீங்க?"

"ஆடு தொலஞ்சாலே ஊரெல்லாம் கத்துறோம். இது வகுப்பும்மா!"

வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "நாங்க சொல்லலையே, மாவட்டத்துல கேளுங்க" என்றார்கள். அதற்கும் ஒரு நன்றி அறிவிப்பு. மாவட்ட அலுவலகத்தில் ஒரு அதிகாரி எங்களை உட்காரவைத்து, "ஓவியம், பாட்டு, வெளயாட்டுக்கெல்லாம் பீரியடு உண்டுன்னுதான் சென்னையிலேருந்து வந்துருக்கு. எடுக்கச் சொல்லி யாரும் சொல்லல" என்றார். வாசல் வரை வந்து, "மைக்ல எம் பேர மட்டும் சொல்லிடாதீங்க" என்று கேட்டுக்கொண்டார்.

அண்ணன் வாக்குத் தவறவில்லை. "பெயர் சொல்ல விரும்பாத, கண்ணாடி அணிந்த, நல்லுள்ளம் கொண்ட அதிகாரி" என்றுதான் அறிவித்தார்.

மறுபடி பள்ளிக்கு வந்தோம். தலைமை ஆசிரியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மார்க்கு கொறஞ்சா மேல கேப்பாங்களேன்னு நாங்களே மாத்துனோம்ங்க. பெத்தவங்க யாரும் ஒண்ணும் சொல்லல. சரி, சம்மதம்தான்னு நெனச்சுட்டோம்."

டெல்லியில் ஒரு கொள்கை எழுதுகிறார்கள், சென்னையில் ஒன்று எழுதுகிறார்கள். எங்கள் பிள்ளைகளின் வியாழக்கிழமை மதியத்தை எழுதியது, நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான்.

குழுக் கூட்டத்துக்கு எப்போதும் நாலு பேர் வந்தால் அதிசயம். இந்த முறை, "வருபவர்களுக்கு டீ, வடை. வராதவர்களின் பெயர் நாளை வாசிக்கப்படும்" என்று அண்ணன் அறிவித்தார். சிமெண்டு லாரி ஓட்டும் அப்பாக்கள்கூட லாரியை ஓரங்கட்டிவிட்டு வந்தார்கள். அண்ணன் "ஹலோ, ஹலோ" சொல்லிப் பார்த்துவிட்டு மைக்கை என் கையில் திணித்தார்.

"ஐயோ, நீங்களே பேசுங்கண்ணே!"

"நான் பேசுனா எதோ ஆடு தொலஞ்சுருச்சுன்னு நெனப்பாங்க. நீ பேசும்மா."

என் குரலே எனக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது. வியாழக்கிழமை வயிற்று வலியைச் சொன்னேன். பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். "எம்புள்ளைக்குத் தலவலி சார்!" இன்னொருவர், "எங்க வூட்டுல காய்ச்சலே வந்துருது!" கூட்டமே சிரித்தது. ஓவிய வகுப்பு வியாழக்கிழமைக்கே திரும்பி வர வேண்டும், குழுவைக் கேட்காமல் இனி மாற்றக்கூடாது என்ற தீர்மானத்துக்கு எல்லாக் கையும் உயர்ந்தது. முதல் கை தலைமை ஆசிரியருடையது. அண்ணன் கல்யாண மேளத்தை முழுச் சத்தத்தில் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார். அந்த வியாழக்கிழமை என் மகள் எனக்கு முன்பே குளித்து முடித்திருந்தாள்.

இப்போது பள்ளி நூலகம் பூட்டியே கிடக்கிறதாம். பூட்டியது யார் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். காலையில் மொபெட் சத்தம் கேட்டதும் என் கணவர், "உங்க அண்ணன் வந்துட்டாரு" என்று சிரிக்கிறார். நான் கேஸை அணைத்தேனா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, அவர் கூப்பிடுவதற்கு முன்பே செருப்பை மாட்டிக்கொள்கிறேன்.