மீன் வந்தால் நான் சும்மா இருக்கிறேன் என்று அர்த்தமில்லை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உன் அத்தான், என் மாமியார், என் பெண் எல்லாரும் சுகம். நீ கொடுத்துவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டரும் மிகவும் சுகம். தொல்லையே அதுதான்.

இதைப் போனில் சொல்லலாமே என்பாய். போன் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு முன்னால் இப்போது மூன்று பேர் இருக்கிறார்கள். அதனால் சமையலறையில் காய் நறுக்கும் பலகையைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் எழுதுகிறேன். முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

கல்லூரியில் கணிதம் படித்துவிட்டு இத்தனை வருஷமாகப் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகம் போடுகிற பதிப்பகத்திலிருந்து ஒரு வேலை வந்தது உனக்குத் தெரியும். மாதிரிக்குக் கொஞ்சம் கணக்குகள் எழுதி அனுப்பினேன். அந்தப் பதிப்பாசிரியர் அம்மாள் நல்ல மாதிரிதான், ஆனால் மனதில் பட்டதை அப்படியே சொல்கிறவர். "எல்லாம் சரியா இருக்கும்மா. ஆனா ஒண்ணையாவது போட்டுப் பாக்கலாம்னு யாருக்கும் தோணாது" என்றார். இன்னொரு முறை அனுப்பலாமாம். அதுவும் பிடிக்கவில்லை என்றால் வேறு ஆளைப் பார்ப்பார்களாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கணக்கு எழுதுவது என்றால் என்ன? பத்து நிமிஷம் சுவரைப் பார்ப்பது, ஒரு வரி தட்டுவது, மறுபடியும் சுவரைப் பார்ப்பது. நீ என்ன செய்தாய்? "கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும் அக்கா" என்று அந்த மீன் ஸ்கிரீன் சேவரை வைத்துவிட்டுப் போய்விட்டாய். நான் எதையும் தொடாமல் யோசிக்க ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிஷத்தில் மீன்கள் நீந்த ஆரம்பிக்கின்றன. மீன்கள் வந்தால் இந்த வீட்டில் ஒரே அர்த்தம்தான். "மீன் வந்துடுச்சே, சும்மாதானேம்மா இருக்கே? இந்த வெங்காயத்தைக் கொஞ்சம் உரிச்சுடு" என்று தட்டோடு வருகிறார் மாமியார். அவர் போனதும், "ஓ, மீனா? அப்ப இந்தச் சட்டைக்கு ஒரு பட்டன் தைச்சுடேன்" என்று உன் அத்தான். என் பெண் வேறு, அடுத்த அறையிலிருந்தே "மீன் வந்தாச்சா?" என்று விசாரித்துக்கொள்கிறாள். கடைசியில் இடது கையால் மவுஸை ஆட்டிக்கொண்டே யோசித்துப் பார்த்தேன். கைதான் வலித்தது, கணக்கு வரவில்லை.

சரி, இந்த மீன்களை நானே ஒழித்துக்கட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். எங்கெங்கோ தட்டி, ஒரு தடவை எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஆகி, ஒரு தடவை எல்லாம் தலைகீழாகி, எப்படியோ அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். நாம் எழுதிக் கொடுப்பதை ஓடவிடுகிற ஒரு வகை இருந்தது. "யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்று பெரிய எழுத்தில் போட்டேன். அது திரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்தது. உன் அத்தான் கொஞ்ச நேரம் பார்த்தார். "யோசிக்கறேன்னு எழுதிப் போட நேரமிருக்கு, பட்டன் தைக்க நேரமில்ல" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் எழுதிக்கொண்டிருந்த பக்கத்தையே படமாகப் பிடித்து, அந்த ஒரே படத்தை ஸ்கிரீன் சேவராக வைத்துவிட்டேன். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும், பார்க்கிறவர்களுக்குப் பாதியில் நிற்கும் ஒரு கணக்கு தெரியும். வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். மறுநாள் காலை முழுக்க ஒருவரும் கிட்டே வரவில்லை. போனில் யாரிடமோ மாமியார், "மருமக வேலையா இருக்கா, அப்புறம் பேசுங்க" என்று சொன்னதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மத்தியானம் கதை கெட்டது. அந்தப் பக்கத்தில் இருந்த கணக்கு இதுதான்: 'கீழ் வீட்டுக்காரர் மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறார். மேல் வீட்டுக்காரர் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே தூங்கிவிடுகிறார். தொட்டி நிரம்புமா?' இவ்வளவுதான் எழுதியிருந்தேன். அளவுகள் ஒன்றும் போடவில்லை. உன் அத்தானுக்குக் குடிநீர் வாரியத்தில் வேலை. சாப்பிட வந்தவர் அதைப் படித்துவிட்டார்.

"குழாய் எத்தனை இஞ்சு?"

"இன்னும் யோசிக்கலைங்க."

"இஞ்சு தெரியாம தொட்டி கட்டினவன் யாரு?"

"அளவே குடுக்கலப்பா, இதை எப்படிப் போடறது? தப்புக் கணக்கு" என்றாள் பெண்.

"இதுல போடறதுக்கு என்ன இருக்கு? மேல போய் அந்த ஆளை எழுப்புங்க. அதான் விடை" என்றார் மாமியார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் மேல் வீட்டுக்காரர் ஏணி கேட்டு வந்தார். நின்று படித்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நேராவே சொல்லியிருக்கலாமே, கம்ப்யூட்டர்ல எழுதி வைக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, ஏணியை மறந்து மாடிப்படி ஏறினார். கொஞ்ச நேரத்தில் மேலே குழாய் மூடுகிற சத்தம் கேட்டது. தம்பி, அவர் அப்படிச் செய்கிறவர் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

அதிலிருந்து கம்ப்யூட்டர் என்னுடையது இல்லை. நான் மவுஸைத் தொட்டால் அந்தக் கணக்கு மறைந்துபோகிறதாம். "ஐயோ, தொடாதே!" என்று கத்துகிறார்கள். தவறித் தொட்டுவிட்டால், மறுபடி வரும்வரை மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் நிற்கிறார்கள். ஒருவரும் வெங்காயத்தைப் பற்றிப் பேசுவதில்லை. சாப்பாட்டைப் பற்றியும் பேசுவதில்லை.

நான் இங்கே சமையலறையில் உட்கார்ந்து அவர்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டே கணக்குகளைக் கையால் எழுத ஆரம்பித்தேன். இரண்டு இஞ்சுக் குழாய் ஒரு கணக்கு ஆனது. மேல் வீட்டுக்காரரை எழுப்பப் படியேறும் மாமியார் ஒரு கணக்கு. ஏணி ஒரு கணக்கு. யோசிப்பதற்கு அமைதி வேண்டும், தனிமை வேண்டும் என்றுதான் நான் இத்தனை நாளும் நம்பியிருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது என்னவென்று இப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் இந்தக் கணக்குகளை எழுதும்போது ஒரு தடவைகூட நான் சுவரைப் பார்க்கவில்லை. தொட்டிக்கும் அளவு போட்டு முடித்துவிட்டேன். நாளைக்குத் தபாலில் சேர்த்துவிடுவேன். பிடிக்குமா என்று பயமாகத்தான் இருக்கிறது.

அது ஒரு பக்கம் இருக்கட்டும். நீ ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வந்து, மீன், கணக்கு, எழுத்து என்று எதுவுமே வராதபடி ஸ்கிரீன் சேவரை அடியோடு எடுத்துவிட்டுப் போ. இல்லையென்றால் கம்ப்யூட்டரையே எடுத்துக்கொண்டு போ. குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் ஒரு குறையுமில்லாமல் நீண்ட நாள் வாழவேண்டும்.

உன் அன்புள்ள,
அக்கா

பின்குறிப்பு: கணக்குகளைத் தபாலில் போட்டவள் இந்தக் கடிதத்தைப் பலகைக்கு அடியிலேயே மறந்துவிட்டேன். நேற்று அந்தப் பதிப்பக அம்மாள் போன் செய்தார். "தொட்டி நிரம்புமா நிரம்பாதான்னு ஆபீஸே ரெண்டு கட்சியா நிக்குது. மீதிப் புத்தகத்தையும் நீங்களே எழுதிடுங்க" என்றார். இங்கே நான் விடையைச் சொன்னதும், "விடை தெரிஞ்ச கணக்கை எத்தனை நாள் பாக்கறது?" என்று உன் அத்தானே பழையபடி மீன்களை வைத்துவிட்டார். இன்று காலை திரையில் மீன்கள் வந்தன. மாமியார் வெங்காயத் தட்டோடு வந்தார். உன் அத்தான் வாயில் விரலை வைத்து, "உஷ்! மீன் வந்திருக்கும்மா, அவ யோசிக்கறா" என்று சொல்லி, தட்டை வாங்கிக்கொண்டு பூனை மாதிரி நடந்து போனார். உரித்தது அவர்தான், மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நான் எதையும் யோசிக்கவில்லை. அந்த மஞ்சள் மீன் ஓரத்துக்குப் போனதும் எப்படித் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வா, சாப்பிட்டுவிட்டுப் போ. கம்ப்யூட்டரை மட்டும் தொடாதே.