முதலாளி கேட்ட கறுப்பு

ட்ர்ர்ர்ர்ர்!

இன்டர்காம் அலறிய அலறலில் டிசைனரின் மூக்குக்கண்ணாடி நழுவிக் கீபோர்டு மேல் விழுந்தது.

"யோவ், வெள்ளையை எடுத்துட்டுக் கறுப்பாக்கு!" முதலாளியின் குரல். "வெள்ளைப் பின்னணியில படிச்சா கண்ணு கெட்டுப்போகுமாம். என் மருமகன் சொல்றான்."

"சார், நேத்து நீங்கதான் வெள்ளைக்குச் சரின்னீங்க..."

"நேத்து மருமகன் ஊர்ல இல்லய்யா!"

டொக்.

கதைகள் வெளியிடும் இணைய இதழ் அது. நாளை காலை முதல் இதழ் வர வேண்டும். முதலாளி சரி என்று சொன்னால்தான் டிசைனர் நாற்காலியை விட்டு எழ முடியும். எழுந்தால்தான் மாலை ரயிலைப் பிடித்து, மனைவியோடு மைத்துனன் கல்யாணத்துக்குப் போக முடியும். மைத்துனி கல்யாணத்தை ஏற்கெனவே இதே ஆபீஸ் விழுங்கிவிட்டது.

முதலாளியின் அறைக்குள் செயலாளர் அக்காவைத் தவிர யாருக்கும் அனுமதி கிடையாது. பாராட்டோ திட்டோ இன்டர்காமில்தான் வரும். பாராட்டு இதுவரை வந்ததில்லை.

கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. மாற்றி அனுப்பினான்.

"என்னய்யா, பாதி எழுத்தைக் காணோம்? கறுப்பு முழுங்கிடுச்சு!"

அவன் திரையில் ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று நின்றது. இருந்தாலும் எழுத்தைத் தடிமனாக்கி, பெரிதாக்கி அனுப்பினான். கதை இரண்டு மடங்கு நீண்டது.

"இப்ப குறுக்கால கோடு கோடா ஓடுதுய்யா!"

ஓஹோ, முதலாளியின் மானிட்டர்தான் கோளாறு! கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய தன் புது மானிட்டரைக் கழற்றிச் செயலாளர் அக்காவிடம் நீட்டினான்.

"இது எதுக்கு தம்பி?"

"சாருக்குத் தெளிவாத் தெரியணும்ல, அதுக்குத்தான் அக்கா."

"அப்படியா, சரி" என்று குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய மானிட்டர் இவனுக்கு வந்து சேர்ந்தது. அதில் எல்லாமே பாசி பிடித்த மாதிரி தெரிந்தது.

மனைவி போன் செய்தாள். "ஏங்க, எங்க இருக்கீங்க?"

"கறுப்புல."

"என்னது?"

"பின்னணி மாத்திட்டிருக்கேன்மா."

"என் தம்பி கல்யாணத்துக்கும் நீங்க வரலேன்னா, எங்க வீட்டு ஆல்பம் எதுலயும் உங்க மூஞ்சி இருக்காது. இவளுக்குப் புருஷன்னு ஒருத்தன் இருக்கானான்னு கேட்பாங்க!"

ட்ர்ர்ர்ர்!

"கறுப்பு வெளுத்துப்போச்சுய்யா! சாம்பலா இருக்கு."

அவன் வைத்திருந்தது அக்மார்க் கறுப்பு. அதைவிடக் கறுப்பு உலகத்திலேயே கிடையாது. ஓரத்தில் இருந்த வெள்ளைப் பட்டைகளையும் படங்களையும் பிடுங்கிப் போட்டுவிட்டு அங்கேயும் கறுப்பைப் பூசினான்.

"இப்ப ஊதாவாயிடுச்சு! தொட்டா நசநசங்குது வேற!"

தொட்டுத் தொட்டுப் படிக்கிறார் போலிருக்கிறது. துடைக்க ஒரு துணி கொடுத்தனுப்பினான். கண்ணுக்குக் கொஞ்சம் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று வரிகளுக்கு நடுவே இடைவெளியையும் கூட்டி அனுப்பினான். கறுப்பு இன்னும் பெருகியது.

"சார், பேசாம வெள்ளையே வெச்சுடட்டுமா?"

"அப்புறம் மருமகன் மூஞ்சியில நான் எப்படிய்யா முழிக்கிறது?"

டொக்.

மறுபடி மனைவி. "ஸ்டேஷனுக்கு வந்துட்டேன். வரீங்களா, இல்ல அந்தக் கறுப்போடவே குடும்பம் நடத்தப் போறீங்களா?"

டிசைனர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். வேலை போனாலும் சரி, இன்று அந்த அறைக்குள் நுழைந்து, அந்தத் திரைக்கு முன்னால் முதலாளியை உட்கார வைத்து, எங்கே கோடு, எங்கே ஊதா என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லாமல் விடுவதில்லை. கதவின் கைப்பிடியைப் பிடித்தான்.

கதவு உள்ளேயிருந்து திறந்தது. செயலாளர் அக்கா நின்றாள்.

"கிளம்புங்க தம்பி. ஐயா சரின்னுட்டார்."

"எதுக்கு அக்கா?"

"கடைசியா அனுப்பினீங்களே, அதுக்குத்தான்."

"அதை இப்பத்தானே அனுப்பினேன்! அதுக்குள்ள படிச்சுட்டாரா?"

"எங்க படிச்சார்? பிரிண்டர்ல மை சுத்தமாத் தீர்ந்துபோச்சு. காகிதத்துல அச்சடிச்சுக் குடுக்காம ஐயா என்னிக்குத் தம்பி படிச்சிருக்கார்?"