அத்தையைக் காரிலிருந்து நீக்கும்படி

பெருமதிப்பிற்குரிய மாமா வெய் குவாங்ரூ அவர்களுக்கு, லியூஜோ நகரிலிருந்து தங்கை மகன் ஜியாவாங் பணிவுடன் எழுதுவது.

இங்கு நானும் அம்மாவும் நலம். மலை மேல் தாங்களும், தங்கள் காவல் கோபுரமும், அந்தக் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு தூங்கும் தங்கள் நெட்டைக் கால்களும் நலம் என்று நம்புகிறோம். இந்த வருடம் காட்டுத்தீ எதுவும் தங்கள் கண்ணில் படாமல் இருக்கட்டும். அம்மா புளித்த மூங்கில் குருத்து ஒரு ஜாடி கொடுத்திருக்கிறாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு மூடியைத் திறக்கவும்.

மரியாதை முடிந்தது, இனி விஷயம். மாமா, அந்தக் காரிலிருந்து அத்தையை நீக்குங்கள். ஒரே ஒரு பொத்தான். சிக்னல் கிடைக்கிற இடம் வரைக்கும் மலையை விட்டு இறங்கி, செல்லை ஆன் பண்ணி, கார் ஆப்பைத் திறந்து, 'குடும்ப உறுப்பினர்' என்று இருக்கிற இடத்தில் 'நீக்கு' என்று அழுத்துங்கள். உரிமையாளர் நீங்கள்தான், வேறு யாராலும் முடியாது. அப்புறம் மறுபடி மேலே போய் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் புகை வருதான்னு பார்த்துக்கிட்டு இருங்க, யாரும் கேக்க மாட்டாங்க.

இது எல்லாத்துக்கும் நீங்கதான் காரணம், கோபப்படாதீங்க. அத்தை ஆசை ஆசையா கலர் தேர்ந்தெடுத்து கார் பதிவு பண்ணாங்க, கார் வர்றதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டாங்க. அங்கேயாவது ஓட்டட்டும்னு சிங்மிங், அதான் செத்தவங்களுக்குப் படைக்கற நாள், அன்னிக்குக் கல்லறையில காகிதக் கார் எரிச்சீங்க. நல்ல மனசு, எல்லாரும் செய்யறதுதான். ஆனா எல்லாரும் காகிதக் கடைக்காரனுக்குக் காரோட போட்டோவை அனுப்புவாங்க. நீங்க எனக்கு அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டையே அவனுக்கும் அனுப்பினீங்க. மேல கார் படம், கீழ 'குடும்பத்தில் ஒருவருடன் பகிர்க'ன்னு கியூஆர் கோடு. அதை ஸ்கேன் பண்ணித்தான் நான் காரை ஆப்புல சேர்த்துக்கணும். கடைக்காரன் தொழில்பக்தி உள்ள ஆளு. அந்தக் கியூஆர் கோடைப் பெருசாக்கி, காகிதக் காரோட முன்கண்ணாடியில அப்படியே ஒட்டிட்டான். நான் பார்த்துச் சிரிச்சேன். நீங்க நெருப்பு வெச்சீங்க.

சாம்பல் ஆறுறதுக்குள்ள நான் செல்லை எடுத்து ஸ்கேன் பண்ணேன். 'இந்தக் கோடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது.' அதே நேரம் உங்க செல்லுல ஒரு அறிவிப்பு வந்துச்சு. எட்டிப் பார்த்தேன். 'குடும்ப உறுப்பினர் அழைப்பை ஏற்றுக்கொண்டார்.' கீழ ஒரு பேர் இருந்துச்சு, நான் படிக்கறதுக்குள்ள நீங்க செல்லை அணைச்சிட்டீங்க. அடுத்த வாரமே காரோட கார்டு சாவியை என் கையில திணிச்சிட்டு, எந்த மலைன்னுகூடச் சொல்லாம, வன இலாகா ஆபீஸ் முகவரியை மட்டும் கொடுத்துட்டுக் கிளம்பிட்டீங்க. என்ன பேர் மாமா அது? இன்னிக்கு வரைக்கும் சொல்லல.

கார் தானா அத்தை இஷ்டத்துக்கு நடக்க ஆரம்பிச்சப்ப, யாரோ அத்தை செல்லைத் திருடிட்டாங்கன்னுதான் முதல்ல நெனச்சேன். செல்லு அம்மா அலமாரியில, கண்ணாடி உடைஞ்சு, செத்துக் கிடக்குது. சர்வீஸ் சென்டர் போனேன். அங்க இருந்த பையன் என்னைவிடச் சின்னவன், என்னை 'அண்ணே'ன்னான்.

"அண்ணே, காருக்குள்ளயே ஒரு சிம் இருக்கு. சிக்னல் இருக்கற வரைக்கும் உறுப்பினர் எங்கேர்ந்து வேணும்னாலும் காரை இயக்கலாம். அவங்களைக் கூப்பிட்டு வெளியேறச் சொல்லிடுங்களேன்."

"அவங்க செத்துட்டாங்க."

அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இன்னிக்குக் காலையிலகூட உள்ள வந்திருக்காங்களேண்ணே."

அவன் சொன்னது சரிதான். பெரிய கடைத்தெருவுக்கு அடியில இருக்கற பார்க்கிங்ல சிக்னல் கிடையாது, அங்க நிறுத்தினா அது வெறும் கார். சாய்வுப் பாதையில ஏறி சிக்னல் கோடு ஒண்ணு தெரிஞ்சாப் போதும், டிரைவர் சீட்டு கர்ர்ருன்னு முன்னால நகர ஆரம்பிக்கும். அத்தை உயரம் உங்களுக்குத் தெரியும். என் முட்டி ஸ்டியரிங்கை இடிக்கிற வரைக்கும் நகரும். ஏசி தானா ஆன் ஆகும். அத்தைக்குப் பிடிச்ச அந்தக் கிராமத்து நாடகப் பாட்டு தானா ஓடும், நிறுத்தினா இன்னும் சத்தமா ஓடும்.

வைஃபை கதையைக் கேளுங்க. நாங்க இப்ப இருக்கற உங்க வீட்டு வைஃபைக்கு பாஸ்வேர்டு வெச்சது அத்தை, யாருக்கும் சொல்லாமப் போயிட்டாங்க. அம்மா எல்லார் பிறந்தநாளும் போட்டுப் பார்த்தா, உங்க கல்யாண நாள் போட்டுப் பார்த்தா, ஒண்ணும் நடக்கல. காரைச் சமையலறை ஜன்னலுக்குக் கீழ நிறுத்தினேன். திரையில 'வீட்டு வைஃபையில் இணைந்தது'ன்னு வருது. நான் கதவைத் திறந்து வெளியே குதிச்சிட்டேன். அம்மா என்ன பண்ணா தெரியுமா? செல்லைக் கையில பிடிச்சிக்கிட்டுக் கீழ இறங்கி வந்து, கார் முன்னால குனிஞ்சு, "அண்ணி, அந்த பாஸ்வேர்டை எனக்கும் கொஞ்சம் சொல்லேன், நாடகம் பார்த்து நாளாச்சு"ங்கறா.

ரெண்டு பக்கக் கண்ணாடியும் மெதுவா உள்ள மடங்கிடுச்சு.

"பார்த்தியாடா, உசிரோட இருந்தப்பவும் இப்படித்தான் மூஞ்சியைத் திருப்பிக்குவா"ன்னு சொல்லிட்டு அம்மா மேல போயிட்டா. அவளுக்குப் பயம் இல்ல, கோபம்தான்.

யின்லிங்னு ஒரு பொண்ணைக் கூட்டிட்டுப் போனேன். நல்ல வெயில். அவ சீட்டுக்கு மட்டும் சூடு முழுசா ஏறிடுச்சு. துள்ளி எந்திரிச்சவ, "உன் கார்ல யாரோ இருக்காங்க, அவங்களுக்கு என்னைப் பிடிக்கல"ன்னுட்டு நம்ம ஊர் நத்தை நூடுல்ஸ்கூடச் சாப்பிடாம பஸ் ஏறிட்டா.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்குவேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவனுக்கு வாழ்க்கையில மொதல் தடவையா ஒரு வேலை கெடச்சிருக்கு. நூடுல்ஸ் கடைங்களுக்குப் பொட்டலம் கொண்டுபோய்ப் போடற வேலை, சொந்தக் கார் இருந்தாத்தான் தருவாங்க. நான் கடை முகவரி போடறேன், சிக்னல் வந்ததும் அது அழிஞ்சு 'லாவ்துன்'னு வருது. மாத்தறேன், திரும்ப லாவ்துன். "லாவ்துன் போகலாமா?"ன்னு குரல் வேற கேக்குது. அப்படி ஒரு ஊரையே நான் கேள்விப்பட்டதில்ல. முதலாளி இந்த வாரத்தோட சரின்னுட்டார். இந்த வேலையும் போச்சுன்னா அம்மா என்னை எரிப்பா, காகிதத்தை இல்ல.

அதனால, தயவுசெய்து அத்தையை நீக்கிடுங்க. அவங்களுக்கு வேற காகிதக் கார் வாங்கி எரிக்கலாம், இன்னும் பெருசா, கோடு இல்லாம.

தங்கள் மலையில் காற்று அடங்கி இருக்கட்டும், மழை சொன்ன நேரத்துக்கு வரட்டும், புகை என்று தெரிவதெல்லாம் வெறும் பனியாகவே போகட்டும். அம்மா தங்கள் உடல்நலத்தை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

தங்கள் ஆசியை வேண்டும்,
ஜியாவாங்

பி.கு.: மாமா, மேல எழுதின எதையும் செய்யாதீங்க.

இந்தக் கடிதத்தை வன இலாகா ஆபீஸ்ல சேர்க்கத்தான் கிளம்பினேன். ஆபீஸ் இடது பக்கம், கார் வலது பக்கம் லாவ்துன்னு காட்டுது. கடுப்பாயிட்டேன். "சரி அத்தை, அங்க அப்படி என்னதான் இருக்குன்னு பார்த்துடலாம் வாங்க"ன்னேன். இன்னிக்குத்தான் முதல் தடவையா சீட்டு என்னை நெருக்கல. ஆனா பக்கத்து சீட்டுல பெல்ட் போடலைன்னு பீப் பீப்னு அடிக்க ஆரம்பிச்சுது. அங்க இந்தக் கடிதம் மட்டும்தான் இருந்துச்சு. எடுத்துப் பின்னால போட்டேன், அப்பவும் அடிச்சுது. காலி சீட்டுக்கு பெல்ட்டை மாட்டினேன். நின்னுடுச்சு.

சுரங்கப் பாதைக்குள்ள சிக்னல் போனதும் பாட்டு நின்னுச்சு. அந்த இருட்டுல தனியாப் போறது எனக்கு என்னமோ போல இருந்துச்சு மாமா. வெளிச்சத்துக்கு வந்ததும் பாட்டு விட்ட இடத்துலேர்ந்து தொடங்குச்சு. சத்தியமாச் சொல்றேன், நிம்மதியா இருந்துச்சு.

லாவ்துன்ல ஒரு மளிகைக் கடை, நாலு வாத்து, ஒரு செல் டவர், ஒரு பாலம். கடைக்கார அம்மா என் மூஞ்சியைப் பார்த்ததுமே, "மேல கோபுரத்துல இருக்கற வெய்யோட சொந்தமாப்பா நீ? அந்த ஆளுக்கு அரிசி, எண்ணெய் எல்லாம் இங்கேர்ந்துதான் போகுது. பாலத்தைத் தாண்டினா செல்லு எடுக்காது. அதனாலதான் அங்க போய் உக்காந்திருக்காரு போல"ன்னு சொன்னாங்க.

பாலத்தைத் தாண்டிக் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தேன். பாட்டு நின்னுச்சு, ஏசி நின்னுச்சு, வெறும் கார் ஆயிடுச்சு. பின்னால எடுத்ததும் எல்லாம் திரும்ப வந்துச்சு. மாமா, அவங்களால இதுக்கு மேல வர முடியல. மிச்சத்தை நீங்கதான் இறங்கி வரணும்.

இதைச் சாமான் ஏத்திட்டு மேல வர்ற ஆள்கிட்ட, ஜாடியோட சேர்த்துக் கொடுத்தனுப்பறேன். நான் கடை வாசல்ல நிக்கறேன், கார் பாலத்துக்கிட்ட நிக்குது. பக்கத்து சீட்டு பெல்ட் மாட்டினபடியே இருக்கு. இப்போ டிரைவர் சீட்டு தானாப் பின்னால நகருது, நிக்காமப் போய்க்கிட்டே இருக்கு. அவ்வளவு இடம் எனக்கு வேண்டாம் மாமா. உங்க காலுக்குத்தான் வேணும்.